ஹி அண்ணாச்சி தோற்ற நாள்

ஜூலை 3, புதன்

இருபத்து மூன்று ஆண்டுகளாகத் துறைமுகம், நீதிமன்றம், காவல் நிலையம் என்று செய்தி எழுதியவளுக்கு இன்று புதிய பொறுப்பு. ஞாயிறு இணைப்பில் ஒரு பத்தி. தலைப்பு, ‘அது என்ன கேம்?’ சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேமின் பெயரை மறந்தவர்கள் வாட்ஸப்பில் அடையாளம் சொல்வார்கள். அது எது என்று நான் துப்புத் துலக்க வேண்டும்.

மே மாதம் ஒரு லாரிக்கு ஒதுங்கப்போய் ஸ்கூட்டியோடு விழுந்ததில் வலது முட்டியில் தகடு வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் வரை அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்று பார்த்துப் பார்த்து இதைக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு அந்த லாரிக்காரன் மோதியே இருக்கலாம்.

இணைப்பிதழ் பொறுப்பாளர் நவநீதன் சென்னையிலிருந்து பேசினான். வயது முப்பத்தொன்று.

“மேம், அந்தக் காலத்துப் பசங்க எல்லாம் இப்ப நல்ல பொசிஷன்ல இருக்காங்க. அவங்களோட ஒரு எமோஷனல் கனெக்ட் வேணும்.”

“நான் எழுபத்தெட்டில் பிறந்தவள், நவநீதன்.”

“அப்ப இன்னும் நல்லது மேம். வீட்ல டிவி கேம் செட் இருந்திருக்குமே?”

இருந்தது என்று நான் சொல்லவில்லை. பத்தியில் என் பெயர் போடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். கொலை வழக்குகளுக்குக் கீழே வந்த பெயரை, காளானைத் தின்று வளரும் மீசைக்காரனுக்குக் கீழே போட முடியாது.

ஜூலை 8, திங்கள்

அறிவிப்பு நேற்று வெளியானது. இன்று மாலைக்குள் போன் நிறைந்துவிட்டது.

“ஒரு கார் போகும் சார். சிவப்பு கார். அது என்ன கேம்?” இது கரூரிலிருந்து ஒரு வங்கி மேலாளர்.

“ஒரு ஆள் குதிப்பான்.” இவ்வளவுதான். அனுப்பியவர் பல் மருத்துவர்.

“வாத்து சுடும் விளையாட்டில் ஒரு நாய் சிரிக்குமே, அந்த நாயையும் சுடலாம் என்பது உண்மையா? எங்கள் அத்தை பையன் சுட்டிருக்கிறான்.” இது ஓய்வுபெற்ற தாசில்தார்.

இந்த அத்தை பையனை நான் தனியாக விசாரிக்க வேண்டும். தமிழ்நாடு முழுக்க ஒரே ஆள்தான் போலிருக்கிறது. கடைசிக் கட்டத்தைத் தாண்டியவன் அவன். தாண்டிய பிறகு ஒரு கோயில் வருவதைப் பார்த்தவன் அவன். பார்த்ததற்கு வேறு சாட்சி கிடையாது. மக்கள் போலீஸிடம் இதைவிடத் தெளிவாகப் பொய் சொல்வார்கள்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னட்டி தனியா சிரிக்க?”

“சிரிக்கல. இது கோவம்.”

“கோவத்தக் கொஞ்சம் நிறுத்திட்டு இந்தப் பூண்ட உரி.”

உரித்தேன்.

ஜூலை 10, புதன்

ஒரு வழிமுறை பிடிபட்டிருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

சேலத்துக்காரர் ஒருவர், தன் விளையாட்டில் எப்போதும் மழை பெய்தது என்று அடித்துச் சொல்கிறார். அவர் சொல்லும் ஆட்டம் எது என்று தெரியும். அதில் மழை கிடையாது. விசாரித்ததில் அவர் வீட்டு டிவியில் எந்த நேரமும் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்திருக்கிறது. டிவிக்குள் பெய்ததை ஆட்டத்துக்குள் பெய்ததாக மனது சேர்த்துக்கொண்டுவிட்டது. இன்னொருத்தி, கேம் முடிந்ததும் ஒரு பெண் குரல் அதட்டும் என்கிறாள். அது அவள் அம்மா.

ஆட்டம் வேறு, அறை வேறு. இரண்டையும் பிரித்துவிட்டால் பெயர் தானாக வந்துவிடும். விபத்து சாட்சிகளிடமும் இதைத்தான் செய்வேன். இவர்களிடம் செய்வது வீண் என்றாலும் கை பழகியதைச் செய்கிறது.

ஜூலை 12, வெள்ளி

பிசியோ வந்தார். வலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 15, திங்கள்

ஓமன் நாட்டு எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. வார்த்தை பிசகாமல் இறக்கி எழுதுகிறேன்.

“வணக்கம் சார். என் பேர் மதன். வெளிநாட்டுல வேலை பார்க்கிறேன். ஒரு கேமு சார். ஒரு ஆளு கடலுக்கடியில போயி முத்து எடுப்பான். மேல அவன் படகு தன்பாட்டுல நகந்து போயிட்டே இருக்கும். படகு போறதுக்குள்ள அவன் மேல வந்துரணும். மூச்சு தீரப்போற நேரத்துல ஒரு சங்கு ஊதும். வெளிச்சம் ஒண்ணு சுத்தி வந்து திரையில அடிச்சிட்டுப் போகும். அதுல வில்லன் பேரு ஹி அண்ணாச்சி. எம்புட்டு பாயிண்ட் எடுத்தாலும் அவன் மேலதான் நிப்பான். ரூம்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான். அப்படி ஒரு கேமே கிடையாது, கனவு கண்டிருப்பன்னு சிரிக்கானுவ. பேர மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும் சார்.”

கேட்டேன். இன்னொரு முறை கேட்டேன். முட்டி வலித்ததால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டேன்.

கவனித்தவை: ‘பார்க்கிறேன்’ என்று தொடங்கிய பேச்சு ‘மாட்டேங்கான்’, ‘சிரிக்கானுவ’ என்று முடிகிறது. மறைக்கப் பார்த்தும் மறைக்க முடியாத தூத்துக்குடிப் பேச்சு. பின்னணியில் மரத்தின்மேல் மரம் அடிக்கும் ஓசை. தோணியின் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடிக்கிற கலப்பத்துச் சத்தம் அது. இந்த ஊரில் வளர்ந்த காதுக்குத் தவறாது.

ஹி அண்ணாச்சி யார் என்பதையும் எழுத வேண்டும். அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். தொண்ணூறில் சிங்கப்பூரிலிருந்து டிவி கேம் செட் ஒன்று கொண்டுவந்தார். முத்து எடுக்கும் ஆட்டத்தில் திரையின் உச்சியில் மூன்று எண்கள் ஓடும். இடது பக்கம் முதல் ஆட்டக்காரரின் புள்ளிகள், வலது பக்கம் இரண்டாவது ஆட்டக்காரரின் புள்ளிகள். நடுவில் எச், ஐ என்று இரண்டு எழுத்துகள் போட்டு இன்னொரு எண். அதுவரை எடுத்ததிலேயே அதிகமான புள்ளி என்று அதற்குப் பொருள். தமிழ் வழியில் படித்த பன்னிரண்டு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் அது தெரியாது. எழுத்துக் கூட்டி ‘ஹி’ என்று படித்தோம். பெட்டிக்குள் மூன்றாவதாக ஒரு சீனாக்காரர் இருந்து ஆடுகிறார், அவர் பெயர் ஹி என்று முடிவு செய்தோம். நம்மைவிட மூத்தவராகத்தான் இருப்பார். ஆகவே அண்ணாச்சி.

எங்கள் சண்டையைக் கேட்ட அம்மா, முக்குக் கடை அண்ணாச்சியைத்தான் ஏதோ சொல்கிறோம் என்று பல மாதம் எங்களை அதட்டியிருக்கிறாள்.

உலகத்தில் இந்தப் பெயரை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 16, செவ்வாய்

செய்தியாக எழுதினால் இப்படி வரும். கஸ்பார், வயது 43, என் தம்பி. ஏழு ஆண்டுகளுக்கு முன் சரக்குக் கப்பலில் ஏறினான். அப்பா கொண்டுவந்ததைவிடப் பெரிய பெட்டியோடு வருவேன் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த ஆண்டு முதலாளி கப்பலை ஒரு துறைமுகத்தில் அப்படியே விட்டுவிட்டுக் காணாமல் போனான். மற்றவர்களெல்லாம் தூதரகத்தைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். இவன் விமானத்தில் ஏறவில்லை. “வெறுங்கையோட வர மாட்டேன்” என்று ஒருவனிடம் சொல்லியனுப்பினான். பெரிய வசனம்.

நாலு வருடம் முன்பு எங்கள் தெரு சிலுவைமுத்து அவனை ஓமனில் ஒரு மீன் சந்தையில் பார்த்துவிட்டு, “ஏல கஸ்பாரு” என்று கத்தி, அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறார். அம்மா “ஐயா” என்றாள். அவன் போனைச் சிலுவைமுத்துவின் கூடையில் வைத்துவிட்டு நடந்துபோய்விட்டான். மறுநாள் அந்த ஊரிலேயே இல்லை. அம்மா ஒரு வாரம் போனை மடியிலேயே வைத்திருந்தாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடுகிறவன். நாற்பத்து மூன்று வயது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆறு ஆண்டுகள் பெற்றவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. இப்போது அறையில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள் என்றதும் பத்திரிகைக்குப் பேசத் தெரிகிறது. அதுவும் எந்தப் பத்திரிகை? அக்கா வேலை பார்க்கும் பத்திரிகை. பத்தியில் என் பெயர் இல்லை. ஆகவே எனக்கென்று அனுப்பவில்லை. வேறுவிதமாக நினைப்பதற்குச் சான்று இல்லை.

முடிவு: அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சொன்னால் இந்த எண்ணும் போய்விடும். அம்மாவிடமும் இப்போது சொல்வதற்கில்லை. இரண்டு சான்று இல்லாமல் எதையும் நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை. அம்மாவுக்கு மட்டும் தனி விதி கிடையாது.

ஜூலை 18, வியாழன்

‘ஆசிரியர் குழு’ என்ற பெயரில் அவனுக்குக் கேள்விகள் அனுப்பினேன்.

“திரையின் நடுவில் இருந்த எண்ணைத்தான் ஹி அண்ணாச்சி என்கிறீர்களா?”

“ஆமா சார். கரெக்டா பிடிச்சிட்டீங்க.”

“எத்தனை பேர் ஆடுவீர்கள்?”

“ரெண்டு பேர் சார். நான் ஐபி. இன்னொரு ஆளு டூபி.”

முதல் ஆட்டக்காரரைக் குறிக்கும் 1P என்பதில் இருந்த ஒன்று என்ற எண்ணை ஐ என்று படித்துப் படித்து அப்படியே நின்றுவிட்டது. ஐபி கொடுத்தவன் என்றால் ஊரில் திவாலானவன் என்று அர்த்தம் என்பது தெரிந்த பிறகும் இவன் ஐபியை விடவில்லை.

“அந்த இன்னொருவர் எப்படி ஆடுவார்?” இது விசாரணைக்குத் தேவையில்லாத கேள்வி. ஆனாலும் கேட்டேன்.

“நல்லா ஆடும் சார். ஆனா வாய் ஜாஸ்தி.”

அவதூறு. குறித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்துச் சங்கைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தில் சங்கு கிடையாது. இருட்டும் நேரத்தில் ஷிப்ட் விடுவதற்கு ஊதும் மில் சங்கு அது. ஊதினால் செட்டை நிறுத்த வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். திரையில் அடித்துப் போன வெளிச்சமும் ஆட்டத்தில் இல்லை. கிழக்கே பார்த்த எங்கள் அலமாரிக் கண்ணாடியில் முயல் தீவுக் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் பட்டு, அங்கிருந்து டிவிமேல் விழும். ஆட்டம் வேறு, அறை வேறு. அந்த அறையை எனக்குத் தெரியும்.

“நீங்கள் சொல்வது மில் சங்காக இருக்குமோ?” என்று தட்டி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

ஜூலை 19, வெள்ளி

பதில் இல்லை. சாட்சிக்கு விடையை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சென்னையில் இருக்கும் ஒரு ஆசிரியர் குழுவுக்கு மில் சங்கு எப்படித் தெரியும்? பயிற்சிக்கு வந்த பிள்ளை இதைச் செய்திருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன்.

ஜூலை 21, ஞாயிறு

பத்தி வெளியானது. கரூர் மேலாளரின் சிவப்பு காருக்கு விடை சொன்னேன். “என் பால்யத்தைத் திருப்பித் தந்துவிட்டீர்கள்” என்று எழுதியிருக்கிறார். ஒரு கார். அவ்வளவுதான் அவர் பால்யம்.

ஜூலை 24, புதன்

ஒன்றுமில்லை. முட்டி நன்றாக மடங்குகிறது.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். அம்மா விடியற்காலையிலேயே போய்விட்டு வந்தாள். முந்தானையில் பூ.

“வெளியூர்ல இருக்கப்பட்டவுகள்லாம் வந்திருக்காவ” என்றாள். “அடுத்த தெரு மோத்தா வீட்டு மகன் குவைத்துல இருந்து வந்திருக்கான். தல நரச்சிட்டு.”

“சரிம்மா.”

“நான் ஒண்ணும் சொல்லல. வந்திருக்காவன்னுதான் சொன்னேன்.”

“நானும் சரின்னுதான் சொன்னேன்.”

பிறகு இருவரும் காபி குடித்தோம். அந்த ஓமன் எண் கடைசியாக வாட்ஸப்பில் வந்த நேரம் மறைக்கப்பட்டிருக்கிறது. எண் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஜூலை 29, திங்கள்

சரியான செய்திக்கு எவனும் கடிதம் போடுவதில்லை. தவறான செய்திக்கு ஊரே கிளம்பி வரும். என் பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை கபடிப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய அணியை முதல் பரிசு என்று எழுதிவிட்டார். மறுநாள் காலை முதல் பரிசு அணி மொத்தமும், தொடையில் கட்டுப் போட்டவன் உட்பட, அலுவலகப் படியேறி வந்தது. ஊரில் எத்தனையோ கொலை நடந்தபோது அப்படிக் கூட்டம் வந்ததில்லை.

கஸ்பார் நடக்கப் பழகியதிலிருந்து என் வாயிலிருந்து வந்த எந்த வாக்கியத்தையும் திருத்தாமல் விட்டதில்லை. செவ்வாய் என்றால் இல்ல புதன் என்பான். அப்பாவின் அடக்கத்தன்று, கல்லறை வாசலில், அப்பா கடைசியாகப் போன கப்பலின் பெயரை நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அழுகையை நிறுத்திவிட்டுத் திருத்தியவன்.

பெயர் சொன்னால் ஓடுகிறவன், தப்பாகச் சொன்னால் திரும்பி வருவான்.

இன்று இதை எழுதி நவநீதனுக்கு அனுப்பினேன்:

‘ஓமன் வாசகர் மதன் தேடும் முத்து ஆட்டத்தின் அசல் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக் கேசட்டுகளில் பெயர்களை மாற்றிப் பதிந்து விற்றார்கள். ஆனால் அதில் வரும் ஹி அண்ணாச்சி பற்றி உறுதியான தகவல் கிடைத்துள்ளது. 1991ஆம் ஆண்டு ஒரு மாலையில் இரண்டாவது ஆட்டக்காரர் ஹி அண்ணாச்சியைத் தோற்கடித்தார். அதே நொடியில் கரண்ட் போய்விட்டதால் முதல் ஆட்டக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் வெற்றி வெற்றியே.’

உடனே போன் வந்தது. “மேம், உங்க காப்பியில ஒரு திருத்தம்கூட வந்ததில்லைன்னு ஆபீஸ்ல சொல்வாங்க. இது என்ன மேம், எங்கேருந்து இந்தத் தகவல்?”

“இதில் ஒரு பிழை இருக்கிறது. தெரிந்தே வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.”

“இது உங்க வீட்டுக் கதையா மேம்?”

ஞாயிறு பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“சரி மேம். போட்டுடறேன். நான் ஒண்ணும் கேக்கல.”

அவனைப் பற்றி இந்த நாட்குறிப்பில் எழுதியவற்றில் சிலவற்றை மறுபரிசீலனை செய்யலாம். பிழை என்று அவனிடம் சொன்னேனே தவிர, அது பிழை என்பதில் எனக்கு இன்றைக்கும் முழுச் சம்மதம் இல்லை. நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போயிற்று.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வெளியானது. எழுத்துப் பிழை இல்லை.

மதியத்துக்குள் பதில்கள் குவிந்தன. திருப்பூரிலிருந்து ஒருவர்: “ஹி அண்ணாச்சியை மறக்க முடியுமா? எங்க அத்தை பையன் அவரை ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கான்.” தர்மபுரிக்காரருக்கு ஹி அண்ணாச்சி தொப்பி போட்டிருந்ததுகூட நினைவிருக்கிறதாம். கடவுளே. பெயரைக் கொடுத்தால் முகத்தை இவர்களே வரைந்துகொள்கிறார்கள்.

ஓமனிலிருந்து எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருவிழா. தெருவெல்லாம் கூட்டம். அம்மா மாதாவைப் பார்த்துவிட்டு மாலையில் வந்தாள். எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாளாம். முட்டிக்கு என்றாள்.

ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. குரல் பதிவு. இறக்கி எழுதுகிறேன்.

“சார், உங்க பேப்பர நேத்துதான் பார்த்தேன். நீங்க போட்டிருக்கது தப்பு. ஹி அண்ணாச்சிய யாரும் தோக்கடிக்க முடியாது. நாம எம்புட்டுத் தூரம் போறோமோ அம்புட்டுத் தூரம் அவனும் கூட வருவான். அதான் அவன் வேலையே. தோக்கடிச்சேன்னு சொல்லுதது சுத்தப் பொய்.”

இங்கே இடைவெளி. பின்னால் கேட்டுக்கொண்டிருந்த கலப்பத்துச் சத்தமும் நின்றிருக்கிறது.

“அப்புறம் அன்னைக்குக் கரண்டு போகல. நீ என்னையத் தாண்டிப் போயிட்ட. நான்தான் பின்னால கைய விட்டு சுவிச்ச அமத்துனேன். கரண்டு போச்சு கரண்டு போச்சுன்னு முதல்ல கத்துனதும் நான்தான். பேப்பர்ல தப்பா போட்டா நாள பின்ன யார் நம்புவா? திருத்திப் போடு அக்கா.”

தொடக்கத்தில் சார். நடுவில் நீ. முடிவில் அக்கா. எதையும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகளாக அந்த ஒரு மாலைக்காக மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். மின்தடை பற்றி நான் எழுதிய செய்திகளில் இருந்த கடுமைக்கு இதுதான் காரணமோ என்றுகூட யோசித்தேன். பற்பசை காய்ந்துபோகும்வரை அப்படியே நின்றிருக்கிறேன். வாய் கொப்பளித்துவிட்டு இரண்டாவது சான்றைத் தேடிப் போனேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, சின்ன வயசுல ஒரு நாள் நாங்க கேம் ஆடிட்டிருக்கும்போது கரண்ட் போயி, நான் ஒரு ராத்திரி பூரா அழுதேனே, ஞாபகம் இருக்கா?”

“எங்க போச்சு? நான் இட்லிக்கு மாவு அரைச்சிட்டிருந்தேன். கிரைண்டரு சுத்திட்டுதான இருந்துச்சு.”

“அப்ப உனக்குத் தெரியுமா? ஏன் அன்னைக்கே சொல்லல?”

“சொன்னா நீ அவன அடிப்ப. அவன் ஓடிப்போயி மச்சுல ஒளிஞ்சிக்கிடுவான். அப்புறம் சோத்துக்கு எறக்க நான்தான ஏணி போடணும்?” களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். “இப்ப என்னத்துக்குட்டி அதக் கேக்க?”

சான்று இரண்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். போனை அவள் காதருகே வைத்து ஒலிக்கவிட்டேன்.

முழுதும் கேட்டாள். அரிசிப் பாத்திரம் மடியில் இருந்தது. அழுவாள் என்று நினைத்துத் துண்டு எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை.

“தொண்ட கட்டியிருக்கு” என்றாள்.

பிறகு, “சத்தம் போட்டுக் கூப்பிட்டுராதட்டி” என்றாள்.

“கூப்பிடல. நான் என்ன சிலுவைமுத்தா?”

ஆகஸ்ட் 8, வியாழன்

அவனுக்கு அனுப்பியது: ‘திருத்தம் வரும் ஞாயிறு வெளியாகும். பிழையைச் சுட்டிக்காட்டிய வாசகருக்குப் பிரதி அனுப்புவது வழக்கம். முகவரி தேவை. – ஆசிரியர் குழு.’

அப்படி ஒரு வழக்கம் எங்கள் பத்திரிகையில் என்றைக்கும் இருந்ததில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முகவரி வந்தது. சூர் என்ற ஊரில் ஒரு படகுப் பட்டறை. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளோடு, கஸ்பார் என்று தன் பெயரைப் போட்டே அனுப்பியிருக்கிறான்.

கீழே தமிழில் ஒரு வரி: ‘அனுப்புனா வந்து சேர நாளாகும். எடுத்து வை. வந்து பார்த்துக்கிடுதேன்.’

தேதி போடவில்லை. பாஸ்போர்ட் என்ன நிலையில் இருக்கிறது, அபராதம் உண்டா, யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. கேட்டால் தெரியாது என்பான். இதெல்லாம் யார் பார்ப்பது? தூதரகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். இப்போதும் இருக்கிறாரா என்று விசாரித்தேன். இருக்கிறார்.

அம்மாவுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். “வெறுங்கையோடயா?” என்று கேட்டாள். அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றேன். “அப்ப வெறுங்கையோடதான்” என்று சொல்லிவிட்டு மச்சுக்கு ஏணி எங்கே கிடக்கிறது என்று பார்க்கப் போனாள். தட்டுமுட்டுச் சாமான்களை இறக்கி மச்சை ஒழிக்க வேண்டுமாம். நான்தான் படியேறக் கூடாது. எழுபத்து நான்கு வயதில் அவள் ஏறலாமாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்றைய இணைப்பு, நான்காம் பக்கம், வலது கீழ் மூலை:

‘திருத்தம்: சென்ற வாரம் இப்பகுதியில், ஹி அண்ணாச்சியை இரண்டாவது ஆட்டக்காரர் தோற்கடித்ததாகவும், அப்போது கரண்ட் போய்விட்டதாகவும் வெளியான தகவல் தவறு. ஹி அண்ணாச்சியை எவரும் தோற்கடித்ததில்லை. அன்று கரண்ட் போகவில்லை. முதல் ஆட்டக்காரர் சுவிட்சை அணைத்தார். ஆட்டத்தின் பெயர் இன்னும் தெரியவில்லை. ஆனால் அப்படி ஒரு ஆட்டம் உண்டு என்பதை ஓமன் வாசகரின் அறையில் உள்ளவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம். நேரில் பார்த்த சாட்சிகள் இருவர். தவறுக்கு வருந்துகிறோம்.’

இருபத்து மூன்று ஆண்டுகளில் என் முதல் திருத்தம். அதிலும் ‘வருந்துகிறோம்’ என்பது உண்மையல்ல.

தேதி இல்லாத தகவலை நான் நம்புவதில்லை. பிரதி ஒன்று எடுத்து வைத்தாயிற்று.